ஆறாம் அத்தியாயம்: இல்லத்துப் பிள்ளைகளும் சித்திரமும் விளையாட்டும்

பெற்றோரை இழந்ததனாலோ, பெற்றோர் உயிரோடு இருந்தும் நோயினாலும் வறுமையினாலும் குடும்பக் கலகத்தினாலும் வளர்க்க இயலாமற் போனதனாலோ, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அழைத்து வர, ஒரு துணிப்பையோடு இல்லத்து வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு அன்று இரவே சாப்பாடும் பாயும் மாற்றுடையும் கிடைத்துவிடுகின்றன. சில நாட்களில் பள்ளிக்கூடமும் கிடைத்துவிடுகிறது. நல்ல முறையில் நடக்கும் இல்லம் எதுவும் இவற்றில் குறை வைப்பதில்லை. ஆயினும் அன்று முதல் அந்தப் பிள்ளை மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் குளித்து, மணி அடித்தால் உண்டு, மணி அடித்தால் உறங்கும் ஒரு பெருங்கூட்டத்தின் அங்கமாகிவிடுகிறது. சோப்பு பொது, வாளி பொது, தொலைக்காட்சி பொது. ‘அம்மா’ என்று எல்லோரும் அழைக்கும் அந்த ஒருத்தியின் அன்பும் பொது. பள்ளிக்கூடத்திலோ பெயர்கூடப் பொதுவாகி, ‘ஹோம் பசங்க’ என்ற ஒரே அழைப்பில் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள்.

ஆகையால், இந்த அத்தியாயத்தில் கூறப்போகும் சித்திரம், களிமண் வேலை, நாடகம், விளையாட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படையான நோக்கம் ஒன்றுதான்: தன்னுடையது என்று சொல்லத்தக்க ஒரு பொருளையும், தன் இஷ்டப்படி நடத்தத்தக்க ஒரு வேளையையும், அவ்வேளையில் தன்னைக் கவனித்துக்கொண்டு அருகில் இருக்கும் ஒரு மனிதரையும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கச் செய்வது. இது நிறைவேறாத சித்திர வகுப்பு, எத்தனை அழகான படங்களைச் சுவரில் ஏற்றினாலும், அந்த இல்லத்தில் அடிக்கும் இன்னொரு மணியாகவே முடியும்.

விளையாட்டு குழந்தைக்குச் சலுகை அன்று, உரிமை என்பதை 1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31-ஆம் பிரிவில் கூறுகிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. நம் புலவர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்றையும் விளையாட்டுக்கே ஒதுக்கி, ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் வகுத்துப் பாடினார்கள். தெய்வத்தைக் குழந்தையாகப் பாவிக்கத் துணிந்த அவர்களுக்கும் விளையாடாத குழந்தையைக் கற்பனை செய்யக் கூடவில்லை. எனவே வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, பொய் சொன்னான், எதிர்த்துப் பேசினாள் என்ற காரணங்களுக்காக விளையாட்டு வேளையைப் பறித்துக்கொள்ளும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்று கண்காணிப்பாளரிடம் முதலிலேயே பேசி, அவர் மனப்பூர்வமாக இணங்கிய பின்னரே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குவது உசிதம். தவறு செய்த பிள்ளைக்குத்தான் அன்று அந்த வேளை அதிகமாகத் தேவைப்படும்.

தொடங்கும் முன்

முதல் நாளே ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டு, “அக்கா, நீங்க போகாதீங்க” என்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு, நம்மீது அதற்கு ஏற்பட்டுவிட்ட பிரியத்தை எண்ணி உள்ளம் நெகிழ்ந்து போகிறவர்கள் அநேகர். பலர் வந்து பலர் போனதைப் பார்த்துப் பார்த்து, எவரிடமும் உடனே ஒட்டிக்கொள்ளப் பழகிவிட்டதன் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கையில், தாயோடோ தாயின் ஸ்தானத்தில் நிலையாக இருக்கும் ஒருவரோடோ குழந்தைக்கு அன்பான, நெருக்கமான, இடையறாத உறவு வேண்டும் என்று வற்புறுத்தினார். வாரத்துக்கு ஒரு முறை தொண்டர்களாக வரும் நாம் அந்த ஸ்தானத்தை அடைய முடியாது. அடைய முயல்வதும் கூடாது. ஆனால் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்து நிற்கும் ஒரு மனிதராக இருக்க நம்மால் இயலும். ஓராண்டேனும் தொடர்ந்து, ஒரே கிழமையில், ஒரே மணிக்கு வர முடியாதவர்கள் இந்தக் காரியத்தைத் தொடங்காதிருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. தவிர்க்க முடியாமல் வர இயலாத வாரத்தை முன்கூட்டியே சொல்லி, நாட்காட்டியில் பிள்ளைகள் கையாலேயே குறிக்கச் செய்ய வேண்டும். திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டால் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவர்களிடமே நேராகச் சொல்லிவிட வேண்டும். “மிஸ் வரலை” என்று வேறு யாரோ போகிற போக்கில் சொல்லும்படி விட்டுவிடக் கூடாது.

ஒரு வேளைக்கு எட்டுப் பிள்ளைகள், மிஞ்சினால் பத்துப் பேர், பெரியவர்கள் இருவர், ஒன்றரை மணி நேரம். இதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் மறுபடியும் அங்கே வகுப்புதான் நடக்கும். ஐம்பது பேர் உள்ள இல்லத்தில் எட்டுப் பேரை மட்டும் அழைத்தால் மற்றவர்கள் மனம் வாடுமே என்று கேட்கலாம். வாடும் என்பது உண்மைதான். எந்தக் குழு எந்த மாதத்தில் தொடங்கும் என்பதை எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிட்டு, எழுதியபடியே நடந்துகொண்டால் காத்திருப்பவர்களுக்கும் நம்பிக்கை உண்டாகும். இடம் வராந்தாவாக இருக்கலாகாது, போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து, “என்னடா இது, பூசணிக்காயா?” என்று கேட்டுச் செல்லும் இடத்தில் எந்தப் பிள்ளையும் மனத்தைத் திறக்காது. படிப்பு அறையோ, பிரார்த்தனைக் கூடத்தின் ஒரு மூலையோ போதும். ஆனால் கதவைத் தாழிடக் கூடாது. பெரியவர் ஒருவர் ஒற்றைப் பிள்ளையோடு மூடிய அறையில் இருப்பது எக்காரணத்தை முன்னிட்டும் கூடாது.

உபகரணங்களுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பக்கம் அச்சான தாள், கிரேயான், பொடி வண்ணம், அடுப்புக் கரி, கோலமாவு, பழைய செய்தித்தாள், தையற்கடையில் மிஞ்சும் துண்டுத் துணி, பொத்தான், தேங்காய்ச் சிரட்டை, மைதா மாவில் காய்ச்சிய பசை, குயவரிடம் கேட்டு வாங்கிய களிமண்: இவை போதும். வர்ணம் தீட்டும் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக வாங்கித் தர நன்கொடையாளர்கள் பிரியப்படுவார்கள். மரியாதையாக மறுத்துவிட்டு, வெற்றுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். வேறொருவர் இட்ட கோட்டுக்குள் நிற்பதையே நாள் முழுவதும் பழகும் பிள்ளைக்கு இந்த ஒன்றரை மணியிலும் அதே பயிற்சி வேண்டாம்.

எல்லாக் கிரேயான்களையும் ஒரே டப்பாவில் கொட்டி நடுவில் வைப்பது சிக்கனம்தான். ஆயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பெட்டி கொடுங்கள், பன்னிரண்டு வர்ணம் கொடுக்க வசதியில்லையென்றால் ஆறு கொடுங்கள். அதைப் போலவே ஆளுக்கொரு துணிப்பை. அதன்மீது பெயரையோ, தானே தேர்ந்தெடுத்த ஒரு சின்னத்தையோ அந்தப் பிள்ளையே வரைந்துகொள்ளட்டும். அந்தப் பையில் இருப்பதை அதன் சொந்தக்காரர் அனுமதியின்றி எவரும் பார்க்கலாகாது, கண்காணிப்பாளர் உட்பட. பைகளை ஒரு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகள் குழு ஒன்று இயங்க வேண்டும் என்று சட்ட விதிகள் கூறுகின்றன. பல இடங்களில் அது பதிவேட்டில் மட்டும் இயங்குகிறது. பீரோச் சாவியை அந்தக் குழுவிடம் ஒப்படைத்துப் பாருங்கள். குழுவுக்கும் உயிர் வந்துவிடும்.

வேளை நடக்கும் விதம்

தொடக்கமும் முடிவும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லித் தரையில் தமக்குப் பிடித்த ஒரு தாளத்தைத் தட்ட, மற்றவர்கள் அதையே திருப்பித் தட்டுவது நல்ல தொடக்கம். தன் பெயரை இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டு, தன் தாளத்தை இத்தனை பேர் ஏற்று வாசிக்கும் அனுபவம் இல்லத்துப் பிள்ளைக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. முடிவில் கை கழுவி, படத்தைப் பையில் வைத்து, அடுத்த தேதியைச் சொல்லிப் பிரிய வேண்டும். இடையில் விதிகள் மூன்று போதும்: எவரையும் அடிக்கக் கூடாது, பிறர் செய்ததைச் சிதைக்கக் கூடாது, விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். சிற்றில் பருவத்துப் பாடல்களில் முருகனிடமே “எங்கள் மணல் வீட்டைச் சிதைக்காதே” என்று சிறுமியர் கெஞ்சுகிறார்கள் அல்லவா? அந்த நியாயம்தான் இரண்டாம் விதி. தான் செய்ததைத் தானே சிதைக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அரும்பாடுபட்டு வரைந்ததைச் சுக்குநூறாகக் கிழிக்கும் சிறுவனைப் பார்த்து நம் நெஞ்சு பதறும். ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த எதையும் தான் தீர்மானிக்க முடியாதிருந்த ஒருவன், ஒன்று இருப்பதா அழிவதா என்பதை முதன்முறையாகத் தானே தீர்மானிக்கிறான். களிமண் இதற்கு மிகவும் ஏற்றது. எத்தனை முறை குத்திப் பிசைந்தாலும் மறுபடியும் உருவம் கொள்ள அது ஆயத்தமாகவே இருக்கிறது.

மூன்றாம் விதியைக் காப்பாற்றுவதுதான் பெரியவர்களுக்குக் கடினம். வாரக்கணக்கில் சுவரோரமாக உட்கார்ந்து, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அதற்கும் ஒரு பை, ஒரு தாள், ஒரு கட்டிக் களிமண் எப்போதும் எடுத்து வைத்திருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு காட்சியைச் சற்றுக் கிட்ட இருந்து பார்ப்போம். ஒன்பது பிராயமுள்ள ஒரு சிறுமி களிமண்ணில் அடுப்பு செய்கிறாள்; சட்டி, அகப்பை, பிறகு தட்டுகள். கட்டை விரலால் நடுவை அழுத்தி, ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி உயர்த்தி, ஒவ்வொரு தட்டையும் ஒரே அளவாகச் செய்கிறாள். மணலைச் சோறாகப் பாவித்து, பசித்தவர் எவரும் விட்டுப்போகாதபடி எல்லோருக்கும் பரிமாறுகிறாள். ஒரு தட்டை மட்டும் தனியே எடுத்து வைத்து, இன்னொரு தட்டால் மூடுகிறாள். அருகில் இருக்கும் பெரியவர், “அது யாருக்கு? ஏன் மூடினாய்?” என்று கேட்பதில்லை, “ஒரு தட்டை மூடி வச்சிருக்கே” என்று கண்டதைக் கண்டபடி சொல்லி நிறுத்திக்கொள்கிறார். சற்று நேரம் கழித்துச் சிறுமி, தலை நிமிராமலே, “தம்பி வெளிய போயிருக்கான். வந்து சாப்பிடுவான்” என்கிறாள். தம்பி ஆண் பிள்ளைகளுக்கான வேறோர் இல்லத்தில் இருக்கிறான். “தம்பி வரும்வரைக்கும் சோறு ஆறாம இருக்கணும்” என்கிறார் பெரியவர். அவ்வளவுதான் உரையாடல். அறிவுரை இல்லை, ஆறுதல் மொழி இல்லை, “அழாதே” என்ற கட்டளை இல்லை. ஆனால் வேளை முடிந்த பின், “தம்பியைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லி நான் கண்காணிப்பாளர் அம்மாகிட்ட பேசட்டுமா?” என்று அந்தச் சிறுமியின் சம்மதத்தைக் கேட்டு, அவள் தலையசைத்த பிறகு பேசி, மாதம் ஒருமுறை அக்காளும் தம்பியும் சந்திக்க வழி செய்ய வேண்டியது அந்தப் பெரியவரின் கடமை. விளையாட்டில் வெளிப்பட்ட தேவை விளையாட்டோடு நின்றுவிடுமானால், நாம் கண்டதனால் பிள்ளைக்கு என்ன பயன்?

பாராட்டுவதிலும் நிதானம் வேண்டும். “சூப்பர், ரொம்ப அழகு” என்று எல்லாப் படத்துக்கும் ஒரே சொல்லை வீசினால், பிள்ளைகள் அந்தச் சொல்லுக்காகவே வரையத் தொடங்கி, மலையும் சூரியனும் தென்னை மரமும் உள்ள அதே பள்ளிக்கூடத்துப் படத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். “இந்த ஓரத்தில் ரொம்ப அழுத்தித் தீட்டியிருக்கே”, “பேருந்தில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கு” என்பவை நாம் உண்மையில் பார்த்தோம் என்பதற்கு அத்தாட்சி. பிள்ளையின் தாளில் நம் கைப்படலாகாது. கோணலான கோட்டை நேராக்கித் தருவது உதவியன்று.

படத்துக்கு அர்த்தம் சொல்லும் ஆசையை இங்கேயே கண்டித்துவிடுவது அவசியம். கறுப்பு என்றால் துக்கம், கையில்லாத மனிதன் என்றால் பயம், பெரிய பல் என்றால் கோபம் என்று அட்டவணை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் படத்தைப் பார்த்துச் சுபாவத்தைக் கணிக்கும் அரைகுறை ஞானம் இப்போது பரவலாகிவிட்டது. டப்பாவில் மிஞ்சியது கறுப்பு ஒன்றே என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். படத்தின் அர்த்தம் வரைந்தவருக்கே சொந்தம். அவர் சொன்னால் கேட்கலாம், சொல்லாவிட்டால் காத்திருக்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அரசு இல்லம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கரையோரப் பிள்ளைகள் பலர் தாளைக் கண்டதும் அலையையே வரைந்தார்கள் என்பதை அங்கே பணி செய்தவர்கள் அறிவார்கள். கண்டதைத் திரும்பத் திரும்ப வரைவதும் விளையாடுவதும், தாங்க முடியாததைச் சிறிது சிறிதாகத் தாங்கப் பழகும் இயற்கையான வழி. நாளடைவில் அந்தப் படத்தில் ஒரு படகோ, ஒரு மரமோ, கை நீட்டும் ஓர் ஆளோ புதிதாக வந்து சேருமானால், மனம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, பல வாரங்களாக எவ்வித மாற்றமும் இன்றி அதே காட்சி நடந்து, ஒவ்வொரு முறையும் பிள்ளை முன்னிலும் அதிகக் கலக்கத்தோடு எழுந்து செல்லுமானால், இல்லத்தின் ஆற்றுப்படுத்துநரிடம் அதைத் தெரிவித்து, பயிற்சி பெற்றவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அது நம் வேலையின் எல்லை.

‘என் குடும்பம்’, ‘என் அம்மா’, ‘விடுமுறையில் நான் சென்ற ஊர்’ ஆகிய தலைப்புகளைக் கொடுக்கவே கூடாது. அன்னையர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன; அதன் வேதனையை நாமும் கூட்ட வேண்டாம். ‘மழை’, ‘ஒரு மிருகத்தின் வீடு’, ‘இரவில் விழித்திருக்கும் பொருள்கள்’ போன்ற தலைப்புகளில், சொல்ல விரும்பும் பிள்ளை தன் வீட்டைத் தானே கொண்டுவந்து சேர்த்துவிடும். விரும்பாத பிள்ளை அணிலின் வீட்டோடு நின்றுகொள்ளும்.

வழி காட்டிய இருவர்

வார்ஸா நகரில் 1912-இல் திறக்கப்பட்ட அநாதை இல்லத்தை நடத்திய யானுஸ் கோர்ச்சாக் ஒரு மருத்துவர். பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றத்தை அந்த இல்லத்தில் ஏற்படுத்தி, அதன்முன் தாமும் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றவர். பிள்ளைகளே எழுதும் ஒரு பத்திரிகையை 1926-இல் தொடங்கியவர். சிறுவர்களின் சட்டைப்பையில் கிடக்கும் கயிற்றுத் துண்டும் கண்ணாடிச் சில்லும் குப்பையல்ல, அவர்களுடைய சொத்து என்பதை ஆழ்ந்து உணர்ந்தவர். பின்னர் நாஜிகள் யூதர்களை மதிலுக்குள் அடைத்தபோது, பட்டினியும் நோயும் சூழ்ந்திருந்த அந்த இல்லத்தில் 1942-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது நம் தாகூரின் ‘தபால் நிலையம்’. நோயினால் வெளியே போகக் கூடாதென்று தடுக்கப்பட்டு, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் அமல் என்ற சிறுவனின் கதை. மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதையை எவரும் விளக்க வேண்டியிருந்திராது. அடுத்த மாதத்தின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளும், அவர்களை விட்டுப் பிரிய மறுத்த கோர்ச்சாக்கும் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில் டெரெசின் என்ற ஊரில் அமைந்த அடைப்பிடத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் ஒரு சித்திரக்காரி. ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடத்தில் பயின்றவர். எடுத்துச் செல்ல அனுமதித்த சொற்ப மூட்டையில் சித்திரச் சாமான்களையும் கொண்டுபோய், அங்கே பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கிடைத்த அலுவலகக் காகிதங்களின் பின்புறத்தில் வரையக் கற்பித்தார். படத்தில் தம் பெயரை எழுதும்படி பிள்ளைகளைத் தூண்டினார். மனிதர்களை எண்ணாக்கிவிட்ட ஓர் இடத்தில் அது சிறிய காரியமன்று. 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு மாண்டார். அவர் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகளில் பாதுகாக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் இன்று பிராக் நகரத்து யூதர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிர் தப்பவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி. நம் இல்லங்களை அந்தக் கொடுமைகளோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. ஆனால் படத்தின் மூலையில் பிள்ளை தன் பெயரை எழுதும்போது அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் அறியேன்.

நம் ஊர் விளையாட்டுகள்

நாம் வாரத்தில் ஒன்றரை மணி நேரமே இருக்கிறோம். மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளோடு இருப்பவர்கள் வார்டனும் ஆயாவும் சமையற்கார அம்மாவும்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் எந்த முயற்சியும் நிலைக்காது. ‘படிச்சவங்க வந்து ஏதோ விளையாடுறாங்க’ என்று ஒதுங்கி நிற்கும் ஆயாவை உள்ளே கொண்டுவர, சித்திரத்தைவிட நம் பழைய விளையாட்டுகளே சிறந்த சாதனம். ஐந்தாங்கல்லைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டு, நமக்குச் சரியாக ஆட வராது என்பதை மறைக்காமல் ஆடிப் பாருங்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, “அப்படி இல்லம்மா, இங்க குடுங்க” என்று புடவையைச் செருகிக்கொண்டு உட்காருவார். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையில் உள்ளதை ஒன்றொன்றாக, பின்பு இரண்டிரண்டாக, பின்பு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே வாரலில் அள்ளிப் பிடிக்கும் அந்தக் கையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, தம்மை அதட்டிக் குளிப்பாட்டுகிறவருக்கும் ஒரு பால்யம் இருந்தது என்று தெரிந்துவிடும். அன்றிரவு அவர்களுக்கிடையே பேச ஒரு விஷயம் உண்டு. நாம் போன பிறகும் அந்த ஆட்டம் தொடரும்.

பல்லாங்குழியில் வேறொரு குணம் உண்டு. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடியும்போது தன் குழிகளை நிரப்ப முத்துப் போதாதவர், நிரம்பும் குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கி, கைவிட்டுப் போன குழிகளை மெல்ல மெல்ல மீட்டுக்கொள்ளலாம். இழந்த பின்பும் ஆட்டத்தில் இடம் உண்டு, இழந்தது திரும்பவும் கூடும் என்பதை வாயால் சொல்லாமல் விரலால் அறியச் செய்கிறது அது. முத்துக்குப் புளியங்கொட்டையைப் பயன்படுத்துங்கள். குன்றிமணி பார்வைக்கு அழகாயிருந்தாலும் விஷமுள்ளது. சிறு பிள்ளைகள் உள்ள இடத்தில் அதை வைக்கவே கூடாது.

பாண்டி, கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை, ஆடுபுலி ஆட்டம், தாயம், பம்பரம் ஆகியவற்றைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாமூச்சியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒளிந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் கண்டுபிடித்த பின்பே ஆட்டத்தை முடிக்க வேண்டும். தேடப்படாமல் விடப்படுவது இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டன்று.

கைக்குழந்தைகள் உள்ள இல்லங்களில் பொம்மையைவிட முகம் முக்கியம். குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் ஒரே ஆள், அவசரமின்றி, பேசிக்கொண்டே செய்வதுதான் அப்பிராயத்தின் விளையாட்டு. 1946-இல் புடாபெஸ்டில் குழந்தை இல்லம் ஒன்றைத் தொடங்கிய எம்மி பிக்லர் என்னும் மருத்துவர் தம் முறை முழுவதையும் இதன்மீதே அமைத்தார். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கிரேயானை நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். பறையும் நாடகமும் சுவர்ச் சித்திரமும் அவர்களுக்குப் பிடிக்கும். எல்லாவற்றிலும் மேலாகக் கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரே ஒரு பிரதி, ஆசிரியர் குழு அவர்களே, புனைபெயருக்குத் தடையில்லை. இல்லத்துச் சாம்பாரைப் பற்றிய விமரிசனம் அதில் வந்தால், நிர்வாகி அதைக் கோபமின்றி வாசிக்க வேண்டும்.

விருந்தினரும் புகைப்படமும்

பிறந்த நாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட வருகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் கேக் வெட்ட, பிள்ளைகள் வரிசையாக நின்று வாழ்த்துப் பாடி, பிறகு ‘ஒரு டான்ஸ் ஆடிக் காட்டுங்க’ என்ற வேண்டுகோளுக்கு இணங்கி ஆடி, சோற்றுக்கு நன்றி சொல்லும் காட்சி, கலையைக் கைம்மாறாக மாற்றிவிடுகிறது. நம் குழுவின் படமோ நாடகமோ அதற்குப் பயன்பட இடம் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் தாங்களே விரும்பி, தாங்களே தேர்ந்தெடுத்த பார்வையாளர்களுக்கு நடித்துக் காட்டுவது வேறு. படங்களை ஏலம் விட்டு நிதி திரட்டலாம் என்ற யோசனை எங்கும் எழும்; கூடாது என்று சொல்லிவிடுங்கள். படம் பிள்ளையின் சொத்து. புகைப்படத்தைப் பொறுத்தவரையில் தர்மம் மட்டுமல்ல, சட்டமும் தடுக்கிறது: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவின்படி, பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, படம் முதலிய அடையாளங்களைப் பகிரங்கப்படுத்துவது ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். வாட்ஸ்அப்பில் போடுவதும் இதில் அடங்கும் என்பதைத் தொண்டர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை துன்பத்தைச் சொன்னால்

வரைந்துகொண்டே, விளையாடிக்கொண்டே, தனக்கு ஒருவர் இழைத்த கொடுமையை ஒரு பிள்ளை சொல்லக்கூடும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. குறுக்குக் கேள்வி கேட்காமல், திகைப்பை முகத்தில் காட்டாமல், கேட்டு முடித்து, “சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது” என்று மூன்று விஷயங்களையும் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளை பேசிய சொற்களை, நம் சொல்லைக் கலக்காமல், அன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள். பாலியல் கொடுமையாயின், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவர் ஒவ்வொருவரின் கடமை, மறைப்பது குற்றம். குற்றம் சாட்டப்படுபவர் அந்த இல்லத்தையே சேர்ந்தவரானால், நிர்வாகத்திடம் போய் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல், குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணான 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ நேராகத் தெரிவியுங்கள்.

பிரியும் வேளை

இல்லத்தில் பிரிவு அடிக்கடி நேரும். பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நேரும். தாய்மாமன் வந்து அழைத்துப் போவார். வேறு மாவட்டத்துக்கு மாற்ற உத்தரவு வரும். 18 வயது நிறைந்துவிடும். நாம் விலகுவதாயிருந்தால் எட்டு வாரத்துக்கு முன்பே சொல்லி, வாரந்தோறும் நாட்காட்டியில் குறித்து, கடைசி வேளையில் ஒவ்வொருவரும் தம் பையைத் திறந்து எல்லாப் படங்களையும் தரையில் பரப்பிப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். ஒரு பிள்ளை திடீரென்று சென்றுவிட்டால் அதன் பையைப் பீரோவில் தங்கவிடக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் சென்ற இடத்தை அறிந்து, உறையிட்டு ஒட்டி, பிள்ளையின் பெயருக்கே அனுப்பச் செய்ய வேண்டும். குழுவில் எஞ்சியிருப்பவர்கள் அந்த வாரம் வட்டமாக உட்காரும்போது, போனவரின் பெயரைச் சொல்லி அவருடைய தாளத்தைத் தட்ட விரும்பினால் தட்டட்டும். காலியான இடத்தில் புதிய பிள்ளையைச் சேர்ப்பது இரண்டு வாரம் பொறுத்து நடக்கட்டும். அந்தப் பிள்ளைக்குப் பழைய பையைத் துவைத்துக் கொடுக்காமல் புதிதாக ஒரு பை தைத்துக் கொடுங்கள்.